உறைந்த முளையமும் நமது பட்டியும்

இடம்பெயர்ந்து பட்டியை இழந்த குடும்பத்துக்கு மாடு என்றால் பால் மட்டுமல்ல. எருவும் உழவும் பிள்ளையின் படிப்புச் செலவுமாகும். ஆகவே, உயர்ரகப் பசுவின் முளையத்தை, அதாவது ஏழு நாள் வயதுடைய கருவை, ஆய்வுகூடத்தில் உண்டாக்கி, உறைய வைத்துக் கொண்டுவந்து நமது பசுவின் கருப்பையில் வைக்கலாம் என்று கேள்விப்படும்போது ஆசை பிறப்பது இயல்பே. இவ்விஞ்ஞானத்தை நாம் பழிக்க வேண்டியதில்லை. விளங்காமல் நம்பவும் கூடாது.

உறைய வைத்த முளையத்திலிருந்து முதற் கன்று 1973இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தது. அம்முளையம் பசுவின் வயிற்றில் உருவானது. ஆய்வுகூடத்தில் கருக்கட்டப்பட்ட முதற் கன்று 1981இல் அமெரிக்காவில் பிறந்தது. இவ்விரு வகையும் உறைதலை ஒரேயளவில் தாங்குவதில்லை.

கலத்தினுள் இருக்கும் நீர் பனிக்கட்டியானால் மென்சவ்வு கிழிந்துவிடும். அதனால் கிளிசரோல் போன்ற காப்புத் திரவத்தில் முளையத்தை இட்டு, மெல்ல மெல்லக் குளிர்வித்து, கலத்து நீரை வெளியேற்றிய பின்னரே பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியசிலுள்ள திரவ நைதரசனில் வைக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் வளர்ந்த முளையத்திலோ கொழுப்புத் துளிகள் அதிகம். வளர்ப்பூடகத்தில் சேர்க்கும் இரத்தச் சீரம் அதனை மேலும் கூட்டுகிறது. எனவே உருக்கியெடுத்த பின் இவ்வகையில் உயிர் தப்புபவை குறைவு. சீரத்தைத் தவிர்ப்பதாலும், மிக விரைவாகக் கண்ணாடிபோல் உறைய வைப்பதாலும் நிலைமை முன்னேறியுள்ளது. குறை முற்றாக நீங்கவில்லை.

செயற்கை முறைச் சினைப்படுத்தல் நமக்குப் பழக்கமானது. அங்கே ஒரு குழாயில் இலட்சக்கணக்கான விந்துக் கலங்கள் உள்ளன. பாதி இறந்தாலும் மீதி போதும். முளையமோ ஒன்றே ஒன்று. அது இறந்தால் எல்லாம் போயிற்று. நுணுக்குக்காட்டியில் உயிரோடு தெரிந்த முளையங்கள் எல்லாம் கன்றாவதுமில்லை.

கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார். இத்தகைய திட்டத்துடன் எவர் வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை இவை: முளையம் புதியதா, உறைந்ததா? பசுவில் உருவானதா, ஆய்வுகூடத்திலா? நூறு வைத்தால் எத்தனை கன்று பிறக்கும்? சினை தங்காவிட்டால் நட்டம் யாருக்கு? பிறக்கும் கலப்பற்ற உயர்ரகக் கன்றுக்கு நமது வெயிலில் தீனியும் தண்ணீரும் எங்கிருந்து வரும்?

விடை தெளிவாகும்வரை, புல்லும் நீரும் குறைந்த காலத்திலும் உயிர் தாங்கும் நாட்டுப் பசுவை விற்றுவிடாதீர்கள். தீனியின்றி மெலிந்த பசுவில் எந்த விலையுயர்ந்த முளையமும் எளிதில் தங்காது. முதலில் பசுவுக்குத் தீனி, தண்ணீர், தடுப்பூசி. முளையம் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.