இடிபடாமல் தப்பிய மாளிகை: இனி என்ன?

சென்னைக்குப் போன நம் ஊர் மக்கள், ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். 14 மாடி! திறந்தது 1959-ல்.

அதே சாலையில் எல்.ஐ.சி.க்கு இன்னொரு கட்டிடமும் உண்டு. அதுதான் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம். எடப்பாடியில் தறி நெய்து பாலிசிப் பணம் கட்டும் குடும்பத்துக்கும் அந்தக் கட்டிடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. எப்படி?

மருந்துக் கம்பெனி கட்டியது

ஸ்மித் என்ற வெள்ளைக்காரர் மருந்து வியாபாரி. அவருடைய கம்பெனிக்காக 1897-ல் கட்டி முடித்த மாளிகை இது. வளைவுகள், தூண்கள், உச்சியில் கோபுரங்கள் என்று அரண்மனை போல் இருந்தது. 'கார்டில் கட்டிடம்' என்பது அதன் முதல் பெயர்.

1934-ல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி இதை வாங்கியது. லாகூரில் 1896-ல் லாலா ஹர்கிஷன்லால் தொடங்கிய கம்பெனி அது. பிறகு கோடீசுவரர் டால்மியாவின் கைக்குப் போயிற்று.

சிறைக்குப் போன முதலாளி

மக்கள் கட்டிய இன்சூரன்ஸ் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்து டால்மியா வேறு வழியில் செலவிட்டார். 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் இதைப் போட்டு உடைத்தார். பிரதமர் நேருவின் மருமகன்தான் அவர். வழக்கின் முடிவில் டால்மியாவுக்கு 2 ஆண்டு சிறை.

1956-ல் ஆயுள் இன்சூரன்ஸ் தொழிலை சர்க்கார் ஏற்றது. அதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம். 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. கட்டிடமும் அதன் சொத்தாயிற்று.

கோர்ட்டில் வழக்கு

2006-ல் கட்டிடத்தை இடிக்கும் வேலை தொடங்கியது. பழஞ்சின்னங்களைக் காக்கும் 'இன்டாக்' அமைப்பு ஐகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 2010-ல் "இடிக்கக் கூடாது" என்று தீர்ப்பு வந்தது.

வழக்கு ஜெயித்தது. ஆனால் கட்டிடம் பிழைத்ததா? செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர், ஆள் நடமாட்டம் இருந்தால்தான் நிற்கும். பூட்டிப் போட்டால் மழைநீர் இறங்கும். இடுக்கில் அரசங்கன்று முளைக்கும். கடப்பாரை ஒரு நாளில் செய்வதை, வேர் பல வருஷத்தில் செய்யும். கோர்ட்டு கடப்பாரையைத் தடுக்கலாம். வேரைத் தடுக்க முடியுமா?

யார் பணம்?

"பாலிசிதாரர் பணத்தைப் பழைய சுவரில் கொட்டுவதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சும்மா கிடக்கும் கட்டிடம் ஒரு காசும் தராது. மவுண்ட் ரோட்டு நிலமும் வீணாகும். செப்பனிட்டால் அலுவலகத்துக்கு ஆகும், வாடகையும் வரும். 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகையைப் பாருங்கள். பழுது பார்த்து, இன்றும் அதில் நகராட்சி நிர்வாகம் நடக்கிறது.

2012-ல் பழஞ்சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே நிறைவேறியது. சட்டத்தோடு செலவுக்குப் பணமும், கட்டிடத்தில் குடியிருக்க ஆளும் வேண்டும்.

நம் ஊர்ப் பழைய சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதே கணக்குத்தான். ஓடு ஒன்று விலகியதும் மாற்றினால் செலவு சில ரூபாய். கூரை விழுந்தபின் மாற்றினால் செலவு லட்சம்!