திருமணத்தில் முடியாத நட்பு

ஒரு நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் அறிமுகமாகிறார்கள். உடனே நம் கை என்ன செய்கிறது? கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறது. இருவருக்கும் திருமணம் நடக்கிறதா, இல்லையா? நடந்தால் சுபம். நடக்காவிட்டால் சோகம். மூன்றாவதாக ஒரு முடிவும் உண்டு என்பதை நாம் நினைப்பதே இல்லை. அவ்விருவரும் உடன்பிறந்தார்போல் கடைசிவரை நல்ல நண்பர்களாகவே வாழ்ந்தார்கள் என்று கதை முடிந்துவிட்டால், ஆசிரியர் நமக்குத் தரவேண்டிய எதையோ தராமல் விட்டதுபோல் முகம் சுளிக்கிறோம். இந்த ஏமாற்றம் நியாயமானதுதானா? சற்றே சிந்திப்போம்.

அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்' நம்மில் பலர் விரும்பிப் படித்த நூல். அதன் முதற்பகுதி 1868ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்கு சகோதரிகளில் இரண்டாமவள் ஜோ. பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேரன் லாரி. ஒரு விருந்தில் கூட்டத்திற்கு அஞ்சித் திரைக்குப் பின்னால் ஒளியப்போன இடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். ஜோவின் உடையின் பின்புறம் தீயில் கருகியிருக்கிறது. அதை மறைக்க அவள் படும் பாட்டை அறிந்த லாரி, பிறர் கண்ணில் படாத நடைக்கூடத்தில் அவளோடு ஆடுகிறான். அன்று தொடங்கிய நட்பு எவ்வளவு இனிமையானது! ஜோ தன் கதைகளை இரகசியமாகப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்த செய்தியை முதலில் அறிந்து மகிழ்ந்தவன் லாரி. தங்கை பெத் காய்ச்சலில் கிடந்தபோது, எவரும் சொல்லாமலே தொலைவிலிருந்த தாய்க்குத் தந்தி கொடுத்தவனும் அவனே. ஓர் உடன்பிறந்தான் இதைவிட வேறென்ன செய்வான்?

முதற்பகுதியைப் படித்த இளம்பெண்கள் ஆசிரியருக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார்கள். என்ன கேட்டார்கள்? ஜோ பெரிய எழுத்தாளர் ஆவாளா என்றா? லாரிக்கும் ஜோவுக்கும் எப்போது திருமணம் என்றே கேட்டார்கள். ஆல்காட் இணங்கவில்லை. 1869இல் வந்த இரண்டாம் பகுதியில் லாரி தன் காதலைச் சொல்கிறான், ஜோ மறுத்துவிடுகிறாள். லாரி பின்னர் ஜோவின் தங்கை ஏமியை மணக்கிறான். ஜோ பேராசிரியர் பேயரை மணக்கிறாள். ஜோ திருமணமே செய்யாமல் எழுத்தாளராக வாழவேண்டும் என்பதுதான் ஆல்காட்டின் விருப்பம். வாசகியரின் தொல்லை தாங்காமல்தான் அந்தப் பேராசிரியரைக் கொண்டுவந்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் தம் வாழ்வில் மணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் இங்கே நினைவுகொள்வோம்.

"லாரியின் மனத்தில் காதல் இருந்ததே, இதை எப்படி உடன்பிறப்பு நட்பு என்பது?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். நட்பில் ஒருவர் மனம் திசை மாறுவது உலகில் நடக்கக்கூடியதே. அதற்காக நட்பையே பொய் என்று சொல்லிவிடலாமா? ஜோ நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். நண்பனின் மனம் நோகுமே என்று பொய்யான நம்பிக்கை தரவில்லை. பேச்சை மழுப்பவும் இல்லை. இருவரும் முன்கோபக்காரர்கள், பிடிவாதக்காரர்கள். ஒத்துவராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். காலம் சென்றபின் லாரி ஏமியின் கணவனாகத் திரும்பி வருகிறான். சிறுவயதுக் காலம் இனித் திரும்பாது, ஆனால் அண்ணன் தங்கையாக ஒருவருக்கொருவர் துணைநிற்போம் என்று இருவரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். தெளிவாகச் சொன்ன ஒரு 'இல்லை' அந்த நட்பைக் காப்பாற்றியது.

நம் தங்கையர் விரும்பிப் படிக்கும் 'ஹாரி பாட்டர்' கதைக்கு வருவோம். ஜே.கே. ரௌலிங் எழுதிய ஏழு நூல்களும் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. ஹாரி, ரான், ஹெர்மாயினி என்ற மூன்று நண்பர்களின் கதை அது. ஏழாம் நூலில் ரான் கோபித்துக்கொண்டு பிரிந்துபோகிறான். ஹாரியும் ஹெர்மாயினியும் கடுங்குளிரில் ஒரு கூடாரத்தில் தனித்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஹாரியின் பெற்றோர் கல்லறையைத் தேடிச் செல்கிறார்கள். கையில் மலர் ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று அவன் கலங்கும்போது, ஹெர்மாயினி தன் மந்திரக்கோலால் ஒரு மலர்வளையம் உண்டாக்கிக் கொடுக்கிறாள். துயரத்தில் உடனிருப்பது அன்றி அங்கே வேறெதுவும் இல்லை.

ரானின் மனத்திலோ ஐயம் புகுந்துவிட்டது. தீய சக்தி குடியிருந்த பதக்கத்தை அவன் அழிக்க முயலும்போது, ஹாரியும் ஹெர்மாயினியும் காதலர் போன்ற பொய்த் தோற்றத்தை அது காட்டி அவனை வாட்டுகிறது. ரான் அதை வாளால் உடைத்தெறிகிறான். அவள் எனக்குச் சகோதரி போன்றவள் என்று ஹாரி அவனுக்கு விளக்குகிறான். ஆசிரியரின் நுட்பத்தைக் கவனியுங்கள். மூவரின் நட்பைக் குலைக்கத் தீமை தேர்ந்தெடுத்த கருவி சந்தேகம்! இவ்வளவு தெளிவாக எழுதிய பிறகும் வாசகர்கள் விட்டார்களா? ரான், ஹெர்மாயினி இணையைப் பற்றி 2014இல் ஒரு பேட்டியில் ஆசிரியரே ஐயம் தெரிவித்தார். உடனே, "அப்படியானால் ஹாரிக்கே மணம் செய்து வைத்திருக்கலாமே" என்ற பேச்சு உலகெங்கும் எழுந்தது. ஆல்காட் காலத்து வாசகியருக்கும் நமக்கும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இடைவெளி. கேள்வி மட்டும் மாறவில்லை.

மேனாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்காக நம் இலக்கியத்தையும் பார்ப்போம். ஔவையாரும் அதியமானும் கொண்ட நட்பைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல், அதன் பயனையும் சொல்லாமல், ஔவைக்கு ஈந்தான் அதியமான். இது புறநானூற்றின் 91ஆம் பாடல். போரைத் தவிர்க்க அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவை. அவன் மறைந்தபோது அவர் பாடிய 235ஆம் பாடலில், மணம் கமழும் கையால் அவன் தம் தலையை வருடிக் கொடுத்ததை நினைத்துக் கலங்குகிறார். தங்கையின் தலையை வருடும் அண்ணனின் கை அல்லவா அது!

ஔவை என்றதும் நம் கண்முன் நிற்பது யார்? நரைத்த தலை, திருநீறு, கையில் கோல் கொண்ட மூதாட்டி. திருமணத்திலிருந்து தப்ப இறைவனை வேண்டி அவர் முதுமையைப் பெற்றார் என்பது செவிவழிக் கதை. 1953இல் வந்த 'ஔவையார்' திரைப்படமும் அக்கதையையே சொன்னது. ஆனால் சங்க கால ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் வெவ்வேறு காலத்தவர் என்பது அறிஞர் கருத்து. அதியமானின் தோழியைப் புறநானூற்றின் 89ஆம் பாடலில் பகைவேந்தன் எப்படி அழைக்கிறான்? மை தீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலி என்கிறான். அவன் கண்ணில் பட்டவள் மூதாட்டி அல்லள், இளம்பெண்! ஓர் இளம்பெண்ணும் ஓர் அரசனும் தூய நண்பர்களாக இருந்தார்கள் என்பதைப் பாட்டு தயங்காமல் சொல்லிவிட்டது. பின்னால் வந்த கதையோ அவருக்கு நரையைப் பூசிய பிறகே ஊர் ஊராக நடக்கவும் அரசரோடு உரையாடவும் இடம் தந்தது.

அந்த நரையை இன்றும் நாம் வேறு வடிவில் பூசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு மாணவன் வீட்டுக்கு வந்து பாடக்குறிப்பு கேட்டால், "அண்ணா என்று கூப்பிடு" என்கிறோம். 'அண்ணா' அருமையான சொல், நல்ல வேலியும்கூட. ஆயினும் நடத்தை நேர்மையாக இல்லாவிட்டால் அச்சொல் காப்பாற்றாது. நேர்மையாக இருந்தால் அச்சொல் இல்லாமலும் நட்பு மாசுபடாது. அண்டை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள் என்பதற்காகத் தனிப்பயிற்சி வகுப்பு நிறுத்தப்படும் பெண்கள் இல்லையா? வகுப்பை இழப்பவள் எப்போதும் பெண்தான். அவள் இழப்பது வகுப்பை மட்டுமன்று. தன்மேல் வீட்டார் வைத்திருந்த நம்பிக்கையையும் இழந்ததாக எண்ணி மனம் குன்றிப்போகிறாள்.

நாளை நம் மாணவியர் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் ஆய்வுக்கூடத்திலும் ஆண்களோடு சேர்ந்து உழைக்கப் போகிறவர்கள். ஆணைக் கண்டால் அச்சம் அல்லது மயக்கம் என்று இரண்டை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பினால், பணியிடத்தில் நிமிர்ந்து நின்று பேச எங்கே கற்பார்கள்? நல்ல கதைகள் அந்த மூன்றாவது பாடத்தைச் சொல்லித் தருகின்றன.

அன்புத் தோழியரே, நட்பு கொள்ளும்போது ஜோவைப்போல் தெளிவாயிருப்போம். பெற்றோரிடம் மறைக்கவேண்டிய நட்பு என்றால், அது நல்ல நட்புதானா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அன்புப் பெற்றோரே, மகள் தன் நண்பனின் பெயரைத் தயங்காமல் வீட்டில் சொல்கிறாள் என்றால், அது அவள் உங்கள்மேல் வைத்த நம்பிக்கை. முதலில் அவளைப் பேசவிட்டுக் கேளுங்கள். ஔவைக்கு நரை தேவைப்பட்ட காலம் போகட்டும். நம் பெண்கள் தம் வயதிலேயே நல்ல தோழியராக வாழட்டும்!