விடுவிக்கப்பட்டவனின் மறுநாள்

நாம் வாசித்த மாத நாவல்கள் பலவற்றில், ஒரு பெண் காணாமற்போனதும் காவலர் முதலில் இழுத்து வருவது ஒரு விடலைப் பையனைத்தான். அவளோடு கடைசியாகப் பேசியவன் அவன். பாதி நாவல்வரை அவனை ஐயுறுவோம். பின்னர் உண்மைக் குற்றவாளி அகப்பட, 'அவனை அனுப்பிவிடுங்கள்' என்னும் ஒற்றை வரியோடு பையன் கதையைவிட்டே மறைவான். இதற்கு விறுவிறுப்பு என்று பெயர். கல்நெஞ்சம் என்போம் நாம்.

அவன் எங்கே போவான்? காஞ்சிபுரத்துத் தறித்தெருவில் அவனை நிறுத்திப் பாருங்கள். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நாடாவை வாங்கிக் கொடுக்கத் தறியில் இன்னொருவர் வேண்டும். போலீஸ் ஜீப்பில் ஏறி இறங்கிய பதினேழு வயதுப் பையனருகே யார் வந்து அமர்வார்? எந்த முதலாளி அவனை நம்பிப் பாவு கொடுப்பார்? நாவல் தொடங்க வேண்டிய இடம் அது. நம்மவர்கள் அங்கே 'முற்றும்' போடுகிறார்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவரைக் காவல்நிலைய லாக்கப்பில் அடைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சட்டம். நம் நாவல்களிலோ லத்தியடி ஒரு சுவையான காட்சி! அமெரிக்கரான வில்லியம் லாண்டேயின் 'டிஃபெண்டிங் ஜேக்கப்' (2012) பேரிலக்கியமன்று. ஆயினும் வழக்கு கைவிடப்பட்ட பிறகும் சிறுவனை விடாத ஐயத்தை அது பின்தொடர்கிறது. விடுமுறைக்குச் சென்ற இடத்தில் ஒரு பெண் காணாமற்போக, இம்முறை பெற்ற தாயின் கண்ணிலேயே அந்த ஐயம் தெரிகிறது.

பொழுதுபோக்கு எழுத்திடம் இதையெல்லாம் கேட்கலாமா என்பர். சாத்தனாரிடம் கேட்காமலே கிடைத்ததே! மணிமேகலையிலும் ஒரு பெண் காணாமற்போகிறாள். காயசண்டிகை விந்தமலைக்கு அப்பால் போய்ச் சேரவேயில்லை. அவள் உருவை மணிமேகலை தாங்கியிருக்க, மனைவியைத் தேடிவந்த காஞ்சனன் ஐயுற்று உதயகுமரனை வெட்டுகிறான். கொன்றவன் காஞ்சனன், காவலில் வைக்கப்பட்டவள் மணிமேகலை. 'கொலையாளி யாரென்று முன்பே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன சுவாரசியம்?' என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. சாத்தனாருக்கு அந்த மர்மம் ஒரு பொருட்டேயன்று. மகனை இழந்த அரசி அந்த இளம்பெண்ணுக்குப் பித்தேற்றும் மருந்து கொடுக்கிறாள். கெடுக்க ஓர் இளைஞனை ஏவுகிறாள். நோயென்று பொய் சொல்லி அறையில் பூட்டிப் பட்டினி போடுகிறாள். சிறைசெய் காதை, சிறைவிடு காதை என முப்பதில் இரண்டு காதைகள் அவள் சிறைக்கே. அதன்பின் ஐந்து காதைகள் கழித்து, அமுதசுரபியோடு அவள் பசித்தோரைத் தேடி வந்தது இந்தக் காஞ்சிக்குத்தான்.