நூலும் நூற்றவளும்



ஆரணியில் பட்டுத் தறி ஓடும் இல்லமொன்றில் நுழைந்து, இச்சேலையை நெய்தவர் யார் என்று கேட்போமானால், பெரும்பாலும் தறியில் அமர்ந்திருக்கும் ஆண்மகனையே காட்டுவர். அருகே இராட்டையில் தார் சுற்றிக் கொடுத்த மனைவியையும், பாவு பிணைக்கக் கைகொடுத்த மகளையும் எவரும் குறிப்பிடுவதில்லை. சேலை ஊரெல்லாம் செல்கிறது. அவர்கள் பெயரோ வாயிற்படியைத் தாண்டுவதில்லை.

நம் மொழியில் இழையும் நூல், ஏடும் நூல். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உவமித்தார். உவமையில் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. ஏட்டில் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

அவ்விடத்தைப் பெற்றவர்களுள் ஒருவர் கிருபாபாய் சத்தியநாதன். நம் சபையைச் சாராதவராயினும் கிறிஸ்துவில் நம் சகோதரி. பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய பெற்றோருக்கு 1862இல் அகமத்நகரில் பிறந்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் குன்றியதால் படிப்பு தடைப்பட்டது. பின்னர்த் தமிழ்க் கிறிஸ்தவரான சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். கணவர் கல்விப் பணியை ஏற்று உதகமண்டலம் சென்றபோது, அங்கே முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

1887-88ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் அவர் எழுதிய ‘சகுணா’ என்னும் கதை தொடராக வந்தது. அது பெரிதும் தம் வாழ்க்கையே. ஆனால் தம்மைப்பற்றித் தொடங்குமுன் தம் தாயைப்பற்றி எழுதினார் அம்மகள். கணவர் கிறிஸ்துவைப் பின்பற்ற, பழைய உறவுகளுக்கும் புதிய வாழ்வுக்கும் இடையே தத்தளித்த ஓர் இளம்பெண்ணின் கண்ணீர் இவ்வாறு ஏடேறிற்று.

1894இல், தம் 32ஆம் வயதில், கிருபாபாய் மறைந்தார். அவ்வாண்டே வெளியான ‘கமலா’ என்னும் அவரது மற்றொரு நாவலுக்கு, வாழ்க்கைக் குறிப்பு எழுதி முன்சேர்த்தவர் சென்னை மாகாணக் கல்வித்துறை இயக்குநராயிருந்த கிரிக் என்பாரின் மனைவி. ஆங்கில ஆட்சி அவருக்கு எவ்வளவு தந்ததோ, அவ்வளவு விலையும் கேட்டது. கல்லூரி வாயில் அவ்வாட்சியில் திறந்தது. அச்சேறும் வழியும் கிடைத்தது. ஆயினும் தாயின் கதையை ஆள்வோரின் மொழியில் எழுத வேண்டியதாயிற்று. அதைப் படிப்போரிடம் அறிமுகப்படுத்த ஓர் அதிகாரியின் மனைவியும் வேண்டியிருந்தது. பின்னரே அக்கதை தமிழாக்கம் பெற்றது.

இன்று நமக்கு எந்த அதிகாரியின் முன்னுரையும் வேண்டியதில்லை. ஆங்கிலமும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், பாட்டியின் அருகில் அமர அரைமணி நேரமும் போதும். எத்தனை வயதில் இராட்டையைத் தொட்டாள், எந்தக் கடனுக்காகத் தாலியை அடகு வைத்தாள், எந்த நோயில் எந்த ஜெபத்தைச் சொல்லிப் பிள்ளையைக் காத்தாள் என்று கேட்டு எழுதலாமன்றோ? நம் வீடுகளில் ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறது. நிலப் பத்திரம் இருக்கிறது. தாயின் வரலாறு எங்கே இருக்கிறது?

தேவதாய் அனைத்தையும் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்து வந்தார் என்று நற்செய்தி கூறுகிறது. அதைப் புனித லூக்கா எழுதிவைத்தார். ஆகவே நாம் அறிகிறோம். நம் தாய்மாரும் எத்தனையோ உள்ளத்தில் இருத்தியிருக்கிறார்கள். கேட்பவர்தாம் வேண்டும். வருகிற ஞாயிறு, பூசை முடிந்து வீடு திரும்பியதும், நாமே கேட்போமாக.