மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய பிறகு சக்கரம் கொதிப்பது ஏன்?

கேள்வி: ''அப்பா வாங்கிய டீசல் அம்பாசடர் காரில்தான் விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகிறோம். பவர் பிரேக் உள்ள வண்டி. மாஸ்டர் சிலிண்டர் மாற்றியதிலிருந்து, பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் இழுவை குறைகிறது. நான்கு சக்கரங்களும் கொதிக்கின்றன. ஆறவைத்தால் சரியாகிவிடுகிறது. பிரேக் ஷூவைத் தளர்த்தியும் பயனில்லை. என்ன செய்யலாம்?''

- வாசகர், காரியாபட்டி, விருதுநகர் மாவட்டம்.

பதில்: ஷூவைத் தளர்த்த வேண்டாம். அதனால் பெடல் இறங்குமே தவிர, நோய் தீராது. ஒரே ஒரு சக்கரம் சூடானால் கோளாறு அந்தச் சக்கரத்தில் இருக்கும். நான்கும் சேர்ந்து, அதுவும் மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய பிறகு சூடானால், முதலில் பார்க்க வேண்டியது பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள புஷ் ராடு.

காலை எடுத்ததும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதுமாகப் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் சிறிய துளை திறந்து, பிரேக் ஆயில் தொட்டிக்குத் திரும்பும். புஷ் ராடு கொஞ்சம் நீளமாக இருந்தால் பிஸ்டன் பாதி வழியிலேயே நின்றுவிடும், துளை அடைபடும். கண்மாய் மடை அடைபட்டால் தண்ணீர் தேங்குவதுபோல, ஆயில் அங்கேயே நிற்கும். சூட்டில் அது விரிந்து ஷூவை மேலும் அழுத்தும். அழுத்த அழுத்தச் சூடு ஏறும். ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பாரம் ஏற்றிய வண்டிக்கு நான்குவழிச் சாலையில் இது உயிர் போகும் விஷயம்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது கடையில் கிடைக்கும் மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் குழியின் ஆழம் பழையதைப் போலவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் போதும், பிரேக் பிடித்துக்கொள்ளும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கை பிரேக் கேபிள் இறுக்கமாக இல்லை, பிரேக் லைட் ஸ்விட்ச் பெடலை அழுத்திப் பிடிக்கவில்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். வண்டி சூடாகிப் பிடித்திருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, கட்டை வைத்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகளை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்த்துங்கள். சக்கரம் உடனே இலகுவாகச் சுற்றினால் புஷ் ராடு நீளம் என்பது உறுதி.

எப்படிச் சரிசெய்வது?

குழாய்கள் வளையாதபடி மாஸ்டர் சிலிண்டரை முன்னால் இழுத்து, ராடின் நுனியில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டையாக ஒட்டுங்கள். சிலிண்டரை மறுபடி பொருத்தி, நட்டுகளை முழுவதும் இறுக்கி, பெடலைத் தொடாமல் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. பொதுவாக அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கலாம். வண்டிக்கான கையேட்டில் அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். களிமண்ணே மிஞ்சவில்லை என்றால் ராடைக் குறடால் பிடித்துக்கொண்டு, நுனித் திருகைக் கால் சுற்றாக உள்ளே திருப்பி மறுபடி அளக்க வேண்டும். அளவுக்கு மேல் குறைத்தால், பெடல் ஆழமாகப் போன பிறகே பிரேக் பிடிக்கும். வேலை முடிந்ததும் களிமண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். திருகு இல்லாத ராடு என்றால் அதைத் தேய்க்கக் கூடாது. பொருத்தமான சிலிண்டரை மாற்றுவதே வழி. பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

கொதித்துப்போன பழைய ஆயிலை மாற்றி, காற்றெடுத்த பிறகு, பூஸ்டரையும் சோதியுங்கள். இன்ஜினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர், வாக்குவம் குழாய், வாக்குவம் பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். இதே காரணத்தால், டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டக் கூடாது. சில மிதிகளிலேயே பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும்.

முதலில் பாரம் இல்லாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொட வேண்டாம். அதுவரை பூ மூட்டைகளைப் பக்கத்துத் தோட்டத்து வண்டியில் அனுப்புங்கள்.