கோழிகிட்ட ஏன்டா பொய் சொல்ற?

போன மாதம் திட்டக்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம், கொல்லைப்புறத்தில் முயல் ஒன்று கத்தியது. முயல் லேசில் வாய் திறக்காத பிராணி. எதன் பல்லிலாவது சிக்கினால்தான் கத்தும். கேட்டால் கைக்குழந்தை வீறிடுவது போலவே இருக்கும். டம்ளரை வைத்துவிட்டு ஓடினேன்.

அங்கே முயலும் இல்லை, நாயும் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் அக்கா பையன், கைபேசியும் ப்ளூடூத் ஸ்பீக்கருமாக உட்கார்ந்திருந்தான்.

"பயந்துட்டீங்களா மாமா? அமெரிக்காவுல இப்படித்தான் நரியைக் கூப்பிடுறாங்க. இங்க பாருங்க" என்று ஒரு வீடியோவைக் காட்டினான்.

நரிக்கும் ஓநாய்க்கும் உறவான கயோட்டி என்ற விலங்கை அங்கே வேட்டையாடுகிறார்கள். வேட்டைக்காரர் புதர் நிறத்தில் உடுப்பு போட்டுக்கொண்டு ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார். தள்ளி ஒரு ஸ்பீக்கர். அதற்கு ரிமோட் உண்டு. அடிபட்ட முயல், குற்றுயிரான பறவை, சண்டை போடும் கயோட்டி என்று நூற்றுக்கணக்கான சத்தங்கள் அதற்குள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு குச்சி, அதன் முனையில் முயல் ரோமம் மாதிரி ஒரு துணுக்கு. மோட்டார் அதைத் துள்ள வைக்கிறது. காது கேட்டதைக் கண் உறுதி செய்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. விலங்கின் பார்வையும் மனிதர் இருக்கும் பக்கம் திரும்பாது. பசியோடு வருகிற கயோட்டி அந்தத் துணுக்கைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது துப்பாக்கி வெடிக்கிறது.

இதுவரைகூட, பசியை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று விட்டுவிடலாம். அடுத்த வீடியோவைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அதில் ஒலித்தது குட்டி கயோட்டி வலியில் அழும் குரல். குட்டி போட்டிருக்கும் காலத்தில் இந்தக் குரலுக்குத் தாய், தகப்பன் இரண்டும் ஓடி வருமாம். வயிறு நிறைந்திருந்தாலும் வருமாம்.

"எங்க ஃபோன்ல கவுதாரி சத்தமும் இருக்கு மாமா. வெலிங்டன் ஏரிப் பக்கம் போய் வெச்சுப் பாக்கலாம்னு பசங்க கூப்பிடுறாங்க" என்றான்.

பையன் கெட்டவன் இல்லை. எறும்புப் புற்றைத் தாண்டி நடக்கிற பிள்ளைதான். கையில் புதுசாக ஒரு விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். என்ன பதில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவனே ஒரு பரிசோதனையில் இறங்கிவிட்டான். கோழிக்குஞ்சு கத்தும் சத்தத்தைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

அக்கா வீட்டில் ஒரு பெட்டைக்கோழி, ஏழு குஞ்சுகளோடு வைக்கோல் போர் ஓரம் மேய்ந்துகொண்டிருந்தது. ஏழும் அதன் காலடியிலேயே இருந்தன. ஆனாலும் சத்தம் கேட்ட மாத்திரத்தில் ரெக்கையை விரித்து, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பறந்து வந்து ஸ்பீக்கரைக் கொத்தியது. சுற்றிச் சுற்றி வந்தது. அடியில் குனிந்து பார்த்தது. சத்தத்தை நிறுத்திய பிறகும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. எட்டாவது குஞ்சைத் தேடுகிறதோ என்னவோ.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா கேட்டாள்: "கோழிகிட்ட ஏன்டா பொய் சொல்ற?"

பையன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டான். எனக்கும் அதற்குமேல் உபதேசம் செய்ய எதுவும் மிச்சமில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு தொடர்ந்தது. ஏமாற்றிப் பிடிப்பது அமெரிக்கா கண்டுபிடித்த வித்தை இல்லை. சங்க காலத்திலேயே நம்மிடம் உண்டு. காட்டு மானைப் பிடிக்கப் பழக்கி வைத்திருக்கும் மானுக்குத் தமிழில் 'பார்வை' என்றே பெயர். புறநானூற்றின் 320-ஆம் பாடலில் ஒரு வேட்டுவன் வீடு வருகிறது. அவன் முற்றத்தில் அயர்ந்து தூங்குகிறான். அவன் வளர்க்கும் பார்வை மானைத் தேடிக் காட்டிலிருந்து ஒரு கலைமான் வந்து விளையாடுகிறது. வேட்டுவனின் மனைவி பார்க்கிறாள். புருஷனை எழுப்பினால் கறி. அவளோ கணவன் விழித்துவிடுவானோ, மான் பிரிந்து ஓடிவிடுமோ என்று வீட்டுக்குள் சத்தமே காட்டாமல் இருக்கிறாள். வேட்டையில் பிழைக்கிற வீட்டிலேயே அப்படி ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. என் அக்காவின் கேள்வியும் அந்தப் பெண்ணின் மௌனமும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

நரியைப் போலவே ஊளையிட்டு நரியை வரவழைக்கும் வித்தை நரிக்குறவர்களுக்குக் கைவந்ததாக இருந்தது. அது அவர்கள் பிழைப்பு. அதற்கு வருடக்கணக்கில் பழக வேண்டும், தொண்டை ஒத்துழைக்க வேண்டும், காட்டைத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு அவர்களில் பலர் பாசிமணி விற்கிறார்கள். ஆனால் காட்டில் ஒரு நாள்கூடக் கால் வைக்காத பையன் கையில் அந்தக் குரல் இலவசமாக வந்து விழுந்திருக்கிறது. மனிதத் தொண்டைக்குக் களைப்பு உண்டு. பேட்டரிக்கு அது கிடையாது.

இந்த வித்தியாசம் அமெரிக்காவுக்கே தெரியும். துப்பாக்கியைக் கடையில் வாங்கும் அந்த நாட்டில், வாத்து போன்ற வலசைப் பறவைகளைப் பதிவு செய்த குரலால் அழைத்துச் சுடுவதை மத்திய சட்டம் தடுத்திருக்கிறது. பனி வாத்து போன்ற சிலவற்றுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்தில் விலக்கு. வாயால் ஊதும் ஊதுகுழலுக்குத் தடையில்லை. இயந்திரக் குரலுக்குத்தான் தடை. அதிகம் கயோட்டி சுட்டவருக்குப் பரிசு என்று நடக்கும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014-ல் தடை செய்தது.

நம் சட்டம் இன்னும் கறார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, ஆசை காட்டி வரவழைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். கவுதாரி, காடை எல்லாம் இந்தப் பாதுகாப்புக்குள் வருகின்றன. "சும்மா வெச்சுப் பாத்தோம் சார், ஒண்ணும் மாட்டலை" என்ற சமாதானம் செல்லாது. மூன்று வருடம் வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதிகப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு என்றால் தண்டனை இன்னும் கூடும். 2020 ஜூனில் திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சிக்குள் வெடி வைத்து ஒரு நரியைக் கொன்ற வழக்கில் 12 பேர் கைதானார்கள்.

"நரி இருந்தா ஆட்டுக்குட்டியைத் தூக்கும்தானே?" என்றான் பையன். நியாயமான கேள்வி. பதில் சொன்னது அத்தான். மக்காச்சோளமும் நெல்லும் போடுகிறவர்.

"தூக்கும்டா. பட்டியைச் சரியா அடைக்கலைன்னா தூக்கும். ஆனா எலி தின்ன கணக்கை எவன் எழுதுறான்? வரப்பு நண்டையும் எலியையும் நரி தின்னுச்சு. இப்ப ராத்திரி ஊளைச் சத்தமே இல்லை. மயில்தான் கூட்டமா வருது."

நரி குறைந்த இடத்தில் மயில் பெருகுகிறது என்று சூழலியல் அறிந்தவர்கள் சிலரும் சொல்வதுண்டு. முட்டையையும் குஞ்சையும் தின்ன ஆள் இல்லை. 'நரி முகத்தில் விழித்தால் நல்லது' என்று சொல்லிக்கொண்டே, விழிப்பதற்கு ஒரு முகமும் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

துப்பாக்கி பிடிக்காத நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், ஒளிந்திருக்கும் ஆறுமணிக் குருவியைக் கைபேசிக் குரலால் வெளியே இழுத்துப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று பதறித்தான் அந்தப் பறவை வெளியே வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடிச் செலவழிக்கிறது. நமக்கு ஒரு படம். அதற்கு ஒரு வேளை சாப்பாடு போச்சு.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைபேசியிலும் இப்படி ஒரு குரல் இருக்கலாம். பிடுங்கி அழிக்க வேண்டாம். வீட்டில் குஞ்சு பொரித்த கோழி இருந்தால் ஒரே ஒரு முறை அதன் எதிரில் போடச் சொல்லுங்கள். பிறகு அது தேடுவதைப் பிள்ளையையே பார்க்க விடுங்கள்.

மறுநாள் காலை நான் பஸ் ஏறும்வரை பையன் ஏரிப் பேச்சை எடுக்கவில்லை. பசங்க ஃபோன் பண்ணியபோது "வரலைடா" என்று மட்டும் சொன்னது காதில் விழுந்தது. கோழிக்கு அவன் கை நிறைய அரிசி இறைத்ததையும் பார்த்தேன். அது அரிசியைத் தின்றுவிட்டு, ஸ்பீக்கர் இருந்த திண்ணையை இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தது.