மரம் போன பிறகு தேடினால்?

புன்னை மரத்தை அறிவீர்களா, மாணவர்களே? அதன் உறவான பிந்தாங்கோர் மரம் ஒன்றின் இலைகளும் கிளைகளும் 1987இல் சரவாக்கின் லுண்டு அருகே சேகரிக்கப்பட்டு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குச் சென்றன. அவற்றில் கிடைத்த சேர்மம்தான் கலனோலைட் ஏ. எச்.ஐ.வி. கிருமி தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. உருவாக்க ஒரு நொதி வேண்டும். கலனோலைட் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. நொதி முடங்கினால் கிருமியால் பெருக முடியாது.

முடிவு தெரிய ஆண்டுகள் ஆயின. கூடுதல் மாதிரி எடுக்கப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது! அக்கம்பக்கத்து மரங்களில் அந்தச் சேர்மம் சொற்பம், அல்லது இல்லவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நின்ற அதே இன மரம்.

பிறகு வேதியியலாளர்கள் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தார்கள். மனிதர்களிடமும் சோதித்தார்கள், மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. “ஆய்வுக்கூடத்தில் செய்ய முடிந்தால் காடு எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இது விநோதமான கேள்வி. எதைச் செய்வது என்று முதலில் காட்டியதே மரம்தானே? காட்டை அழிக்க அனுமதிக்கும் முன், அங்குள்ள செடிகொடிகளின் மாதிரிகளைப் பெயர், இடம், தேதியோடு சேகரிப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். ஒரே ஓர் இலையை முழுமையாகச் சோதிக்கவோ பல ஆண்டுகள் பிடிக்கின்றன.